அத்தையின் இரட்டைக்குழல்

துப்பாக்கி உரிமம் கேட்பவர் ஆணாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வருவாய்த் துறையில் சேர்ந்து, உரிமக் கோப்புகள் வந்து விழும் மேசையில் என்னை உட்கார வைத்த முதல் வாரமே சட்டத்தையும் விதிகளையும் எடுத்து ஒரு வரி விடாமல் படித்தேன். வேலைக்காகப் படிக்கவில்லை, ஆத்திரத்துக்காகப் படித்தேன். வயது என்ன, புத்தி தெளிவாக இருக்கிறதா, தண்டனை பெற்றதுண்டா, துப்பாக்கி எதற்கு என்றெல்லாம் அதில் கேட்டிருந்தார்கள். மீசை உண்டா என்று எங்கும் கேட்கவில்லை. ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் அந்த ஆத்திரம் அடங்கவில்லை. அடங்க வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். அப்பா திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியர். அவருடைய தங்கை, என் அத்தை, பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தாள். எல்லோருக்கும் இளையவர் சித்தப்பா. சித்தையன்கோட்டைப் பக்கம் இருந்த குடும்ப நிலத்தை அவர் பார்த்துக்கொள்வதாக ஊரில் பேர். உண்மையில் நிலம்தான் அவரைப் பார்த்துக்கொண்டது.

அத்தை கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவள். ரைபிள் சுடுவதில் அங்கே ருசி கண்டுவிட்டாள். ஊருக்கு வெளியே, தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றத்தையும் தாண்டி, ஒரு பொட்டலில் துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்று இருந்தது. சந்தா கட்டினால் யாரையும் சேர்த்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அத்தை சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவாள். களிமண் தட்டு என்று ஒன்றை எந்திரத்தில் வைத்து இழுத்துவிட்டால் விர்ரென்று வானத்தில் போகும். அது தரைக்கு வருவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். அத்தை உடைத்தாள். ஆனால் சங்கத்துத் துப்பாக்கிகள் எல்லாம் நெட்டை ஆண்களுக்காகச் செய்தவை. தோளில் வைக்கும் மரக்கட்டையின் நுனி அவள் தோள்குழியில் உட்காராமல் புஜத்தில் போய் இடிக்கும். ஒவ்வொரு ஞாயிறும் புஜம் நீலமாகக் கன்றிப்போய் வருவாள். அம்மா நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துவிடுவாள்.

அதனால் சொந்தமாக ஒரு துப்பாக்கி வாங்குவது என்று அத்தை முடிவு செய்தாள். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும். அது தட்டுக்கும் ஆக வேண்டும், எங்கள் கொல்லைக்காட்டில் எழும் கவுதாரிக்கும் ஆக வேண்டும். டிரில் டீச்சர் சம்பளத்துக்குள்ளும் அடங்க வேண்டும். (கவுதாரியைச் சுட்டால் இன்று உள்ளே தள்ளுவார்கள். அது நல்ல சட்டம். நான் சொல்வது அது வருவதற்கு முந்தைய காலம்.)

வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இருப்பதிலேயே மலிவு, குழலின் வாய்வழியே கரிமருந்தை இடித்துக் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கிதான் என்றார் அப்பா.

"அண்ணே, அதுல மருந்து கெட்டிச்சு முடிக்கிறதுக்குள்ள தட்டு கீழ விழுந்து, அதை விட்டவங்க வீட்டுக்கே போயிருவாங்க" என்றாள் அத்தை.

சித்தப்பாவின் யோசனை வேறு. "வாங்குறது வாங்குற, குழல் இம்புட்டு நீளத்துக்கு வாங்குக்கா. நாலு பேர் பாத்தா மிரளணும்."

"நாலு பேர் மிரளட்டும்டா. கவுதாரியும்ல மிரண்டு ஓடிரும்?"

புதிதாக விற்பனைக்கு வந்திருந்த உள்நாட்டு ஒற்றைக்குழல் கைக்கு அடக்கமான விலைதான். அதை அவள் மதுரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். உறுதியான சாமான், காவல்காரனுக்கு ஏற்றது என்றாள். போட்டியில் இரண்டு தட்டுகளைச் சேர்த்து விடுவார்கள், கவுதாரியும் ஜோடியாகத்தான் எழும். ஒன்றைச் சுட்டுவிட்டு அடுத்தது போவதை வேடிக்கை பார்ப்பதற்கு எதற்குத் துப்பாக்கி என்பது அவள் கேள்வி. இரட்டைக்குழல்தான் வேண்டும். புதிய இரட்டைக்குழல் நம் விலைக்கு வராது. ஆகவே பழையது. இதைக் கணக்கு வாத்தியார் நிரூபணம் போடுவதுபோல் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொல்லி முடித்தாள்.

பழையது கொடைரோட்டில் இருந்தது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சட்டைக்கார துரை, அதாவது ஆங்கிலோ இந்தியர், பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் போவதற்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். பெல்ஜியத்தில் செய்த இரட்டைக்குழல் ஒன்று அவரிடம் இருந்தது. அத்தை என்னையும் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினாள்.

அன்று அவள் அந்தத் துப்பாக்கியைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. முதலில் அதை மடக்கித் திறந்து, குழல்களை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே துரு தின்ற புள்ளி உண்டா என்று ஒரு கண்ணால் பார்த்தாள். மூடிவிட்டு, காதருகே வைத்துக் குலுக்கினாள். மூட்டு தளர்ந்திருந்தால் சத்தம் வருமாம். வரவில்லை. குழல்களின் வாயில் ஒரு காசை வைத்துப் பார்த்தாள். வலது குழலின் வாய் சற்று அகலம், இடது இறுக்கம். கிட்டத்தில் எழும் பறவைக்கு வலது, தப்பித்து எட்டப் போவதற்கு இடது. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் வைத்து, கண்ணைத் திறந்தாள். திறந்த கண்ணுக்கு நேரே குழல் ஓடினால் அது உன்னுடைய துப்பாக்கி என்று எனக்குச் சொன்னாள். கட்டை மட்டும் கொஞ்சம் நீளம். "மரம்தானே, அறுத்துக்கலாம்" என்றாள்.

துரை நாற்காலியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். "மிஸ், நீங்க பாக்கிற மாதிரி நான் என் மிஸஸைக்கூடப் பாத்துக் கட்டல."

உள்ளேயிருந்து மிஸஸின் குரல் வந்தது. "நான் பாத்துக் கட்டியிருந்தா நீ இங்க இருக்க மாட்டே மேன்!"

சித்தப்பா அவர்கள் கொடுத்த கேக்கைத் தின்றுகொண்டிருந்தார். துப்பாக்கியை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

உரிமம் இருப்பவருக்குத்தான் விற்க முடியும், கப்பல் கிளம்புவதற்குள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று துரை கெடு வைத்தார். அத்தை தன் பெயரில் விண்ணப்பம் போட்டாள். விசாரணைக்கு வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். அத்தை எதிரே நின்றுகொண்டிருக்க, அவளைப் பற்றிய கேள்விகளை எல்லாம் அப்பாவிடம் கேட்டார்.

"பொம்பளை பேர்ல அனுப்புனா மேல திருப்பி விட்ருவாங்க சார். தம்பி பேர்ல போடுங்க. நெலம் இருக்கு, பயிர்ப் பாதுகாப்புன்னு எழுதிக்கலாம். சட்டுன்னு வந்துரும்."

"எந்த விதிப்படி சார் திருப்புவாங்க?" என்று அத்தை கேட்டாள்.

அவர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "டீச்சரம்மா நமக்கே பரீட்சை வைக்கிறாங்க. வழக்கம் இல்லைங்கம்மா, அம்புட்டுத்தான்."

அவள் கேட்டது விதியை. அவர் சொன்னது வழக்கத்தை. இரண்டும் ஒன்றல்ல என்பது அந்த வீட்டில் அத்தைக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. பிள்ளைகளின் விடைத்தாளில் ஒரு கமா விட்டுப்போனால் அரை மதிப்பெண் குறைக்கும் என் அப்பா, வழக்கத்தைச் சட்டம் என்று சொன்னதற்குத் தலையாட்டினார். அந்த ஆய்வாளருடைய நாற்காலியில் பிற்காலத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அவர் அன்று செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். விண்ணப்பதாரரைப் பார்த்து விசாரித்து, கண்டதை எழுதி மேலே அனுப்புவது. திருப்புவதா வேண்டாமா என்பது மேலே இருப்பவரின் வேலை. அனுப்பியே பார்க்காமல் திருப்பிவிடுவார்கள் என்று சொல்ல அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

கப்பலுக்கு நாள் நெருங்கியது. அத்தை ஒப்புக்கொண்டாள். சித்தப்பா பெயரில் உரிமம். ஆனால் உரிமக்காரருக்காகத் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துப்போகவும் இன்னொருவர் பெயரையும் அதில் சேர்க்க முடியும். ரீடெய்னர் என்பார்கள். அதற்கு என்று தனியே இடமே விட்டிருப்பார்கள்.

"எம் பேரை அதுல சேத்துரணும்டா தம்பி. மறந்துறாத" என்றாள்.

"சேத்துர்றேன்க்கா. எனக்கு எதுக்கு அந்த இரும்பு? தூக்கிட்டுத் திரியறதுக்கா?" என்றார் சித்தப்பா.

உரிமம் வந்தது. அத்தையின் சேமிப்பில் துப்பாக்கி வந்தது. பெயர் சேர்த்தாயிற்றா என்று கேட்டாள். ஆச்சு ஆச்சு என்றார். தம்பி சொன்னால் சொன்னதுதான் என்று இருந்துவிட்டாள். முழங்கை மடிப்பிலிருந்து விரல் நுனி வரை தன் அளவை எடுத்து, அதற்குத் தக்கபடி கட்டையை அறுக்க வைத்து, நுனியில் ரப்பரும் வைத்துக்கொண்டாள். அறுத்ததைப் பார்த்துச் சித்தப்பாவுக்கு முகம் மாறியது.

"யக்கா, எம் பேர்ல இருக்கற சாமான். என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

"லைசன்ஸ் உன்னுது. தோள் என்னுதுடா."

அம்மா அடுப்படியில் சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது. சித்தப்பாவுக்கும் கேட்டிருக்கும்.

சனிக்கிழமைகளில் நானும் அத்தையும் நிலத்துக்குப் போவோம். வானத்தில் எறிந்து பழக எங்களுக்கு எந்திரம் ஏது? சாணி வரட்டி, எங்கள் பேச்சில் எருவாட்டிதான். நன்றாகக் காய்ந்த எருவாட்டியைப் பக்கவாட்டில் சுழற்றி வீசினால் அசல் தட்டு மாதிரியே மிதந்து போகும். அடி விழுந்தால் பொடிப்பொடியாகக் காற்றில் கரையும். ஒரு முறை காற்று எதிர்த்து அடித்து அந்தப் பொடி முழுக்க எங்கள் தலையில் இறங்கியது. "அடுப்பெரிக்கிற எருவாட்டியை ஆகாசத்துல விட்டுச் சுடுற குடும்பம் இது ஒண்ணுதான்" என்று அம்மா எங்கள் இருவரையும் கிணற்றடியில் நிறுத்தித் தண்ணீரை ஊற்றினாள். அந்த வருடம் சோளம் அறுத்த பிறகு அத்தை கவுதாரி சுட்டாள். ஒன்று வலதில், ஒன்று இடதில். கொடைரோட்டில் அவள் எப்படிச் சொன்னாளோ அப்படி.

வரப்பில் நின்று பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏலே, துப்பாக்கி உன்னுதா, அக்காளுதா?" "அப்பு, அக்கா சுடட்டும், நீ போய்ப் பொறுக்கிட்டு வா." தேநீர்க் கடையிலும் அதே பேச்சு. நடந்த அத்தனைக்கும் காரணம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்க வேண்டும் என்று வயது வந்தபிறகு நானும் தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. நான்கு வெட்டிப்பயல்கள் சிரித்தார்கள். அது போதுமாக இருந்தது.

சங்கத்தின் ஆண்டுப் போட்டி வந்தது. வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். முதலில் வரும் இரண்டு பேரைச் சென்னையில் நடக்கும் போட்டிக்கு அனுப்புவார்கள். சங்கத்தில் அந்த வருடம் அத்தையைவிட அதிகம் தட்டு உடைத்தவர் ஒருவர்தான், அதனால் அவள் போவது ஏறக்குறைய உறுதி என்று செயலாளரே சொல்லியிருந்தார். அவர் ஒரு புகையிலை வியாபாரி, நல்ல மனிதர் என்று பேர். அத்தை பள்ளியில் விடுப்புக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டாள். முந்தின நாள் நிலத்தில் மூன்று கவுதாரி சுட்டுக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்திருந்தாள். போட்டி முடிந்து வந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு.

வெளியாட்கள் வந்திருந்ததால் அன்று செயலாளர் முறைப்படி எல்லோரிடமும் உரிமம் பற்றிக் கேட்டார். அத்தையின் முறை வந்தபோது, "உரிமம் தம்பி பேர்லதானே? டீச்சர் பேரைச் சேத்திருக்குல்ல?" என்றார். அது வெறும் சம்பிரதாயக் கேள்வி. ஆமாம் என்ற பதிலுக்காக அவர் கை அடுத்தவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"இல்லைங்களே" என்றார் சித்தப்பா. சிரித்துக்கொண்டே சொன்னார். "அதெல்லாம் எதுக்குன்னு விட்டுட்டேன்."

அத்தை திரும்பி அவரைப் பார்த்தாள். இத்தனை மாதமும் அவள் உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். யாராவது பிடித்திருந்தால் உள்ளே போயிருப்பாள், வேலையும் போயிருக்கும். அது சித்தப்பாவுக்குத் தெரியும். தெரிந்துதான் ஆச்சு ஆச்சு என்று சொல்லியிருக்கிறார்.

செயலாளர் தடுமாறினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பரவாயில்ல, நம்ம மைதானம்தானே. உரிமக்காரர் நீங்க பக்கத்துலயே நில்லுங்க. டீச்சர் சுடட்டும். யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல" என்றார்.

"அது சட்டப்படி தப்பாயிருமுங்க" என்றார் என் சித்தப்பா. வாய்க்கால் தண்ணீர் முறையைக்கூட ஒழுங்காகக் கடைப்பிடித்து அறியாதவர். "பேர் குடுத்தது குடுத்தாச்சு. நானே சுட்டுர்றேன்."

சுட்டார். அத்தையின் அளவுக்கு அறுத்த கட்டை அவருக்கு எப்படிப் பொருந்தும்? கழுத்தை ஆமைபோல் இழுத்துக்கொண்டு நின்றார். தோட்டாவுக்காகப் பின்னால் கையை நீட்டினார். தோட்டாப் பெட்டி அத்தையிடம் இருந்தது. அவள் இரண்டிரண்டாக எடுத்து அந்தக் கையில் வைத்தாள். ஏன் வைத்தாள், பெட்டியோடு தோல் ஷாப் குழியில் ஏன் வீசவில்லை என்று இன்றும் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு முறை மட்டும், "பெருவிரலைக் கீழ இறக்கிப் பிடிடா. கட்டை உனக்குக் குட்டை, மூக்குல அடிக்கும்" என்றாள். பொம்பளையிடம் பாடம் கேட்க அவர் அங்கே வரவில்லை. அடுத்த வெடியில் பெருவிரல் மூக்கில் இடித்து ரத்தம் சட்டையில் வழிந்தது. ஒரு தட்டுகூட உடையவில்லை. வந்திருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். அத்தையின் இடத்தில் வேறு யாரோ ஒருவர் சென்னைக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். சித்தப்பாவின் மூக்கில் பஞ்சு. அத்தை மிக அமைதியாகப் பேசினாள். "அண்ணே, நாளைக்கு எம் பேர்ல மறுபடி விண்ணப்பம் போடுறேன். திருப்புனா திருப்பட்டும், எந்த விதின்னு எழுதிக் கேக்கறேன். உரிமம் வந்ததும் இவன் துப்பாக்கியை எம் பேருக்கு மாத்திக் குடுத்தாப் போதும்."

"அது முடியாதே" என்றார் சித்தப்பா, மூக்கடைத்த குரலில். "செயலாளர் மைதானத்துலயே கேட்டாரு. அவரு மகனுக்கு வேணுமாம். கட்டையை அறுத்திருக்கறது பையன் உசரத்துக்குக் கரெக்டா இருக்காம். குடுக்கறதா வாக்குக் குடுத்துட்டேன்."

அந்தப் பையனுக்குப் பதினாறு நிறையவில்லை. சட்டம் தெளிவாகத் தடுக்கும் இடம் அதுதான். பயிற்சிக்கு என்று சில நிபந்தனைகள் உண்டு, அவற்றை அங்கே ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். விற்பதற்கும் முன்கூட்டி எழுதித் தெரிவிக்கும் முறை உண்டு. அத்தை விஷயத்தில் இல்லாத சட்டத்தை எல்லாம் கண்டுபிடித்தவர்கள், அன்று இருக்கிற சட்டத்தில் ஒன்றைக்கூடக் கண்ணால் காணவில்லை.

"காசு போட்டது நான்டா" என்றாள் அத்தை.

"காசை நானா வச்சுக்கப்போறேன்? அண்ணன்கிட்டக் குடுத்துர்றேன். ஒரு செயின் எடுத்துப் போட்டுக்கக்கா. நாளைக்கு உனக்குன்னு ஒரு எடம் வந்தா, துப்பாக்கியவா கழுத்துல மாட்டிட்டுப் போய் நிப்ப?"

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் சொன்னால் சித்தப்பா மீற மாட்டார், அது அந்தக் குடும்பத்தின் பழக்கம். அப்பா சோற்றைப் பிசைந்தார். பிசைந்து முடித்த சோற்றை மறுபடி பிசைந்தார்.

"விடு தாயி. வாக்குக் குடுத்துட்டான். ஊருக்குள்ள குடும்பப் பேரு ஒண்ணு இருக்குல்ல" என்றார்.

அவ்வளவுதான். அத்தை அதன் பிறகு அந்தப் பொட்டல் பக்கம் போகவில்லை. விண்ணப்பமும் போடவில்லை. எதைச் சுடுவதற்கு?

அன்று அந்தப் பேச்சு முடிந்ததும் அம்மா வெஞ்சனம் வைத்துக்கொண்டு வந்தாள். கவுதாரிக் கறி. அப்பாவின் தட்டில் இரண்டு துண்டு விழுந்தது. அத்தையின் தட்டில் நெஞ்சுக்கறியாகப் பார்த்து நிறைய விழுந்தது. எனக்கு ஒரு தொடை. சித்தப்பாவின் தட்டில் கரண்டி கவிழ்ந்தபோது வெறும் குழம்பு மட்டும் வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அம்மா அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். சட்டியில் கறி இருந்தது, எனக்குத் தெரிந்தது. அத்தை தன் தட்டைத் தொடவில்லை.

அம்மா கணக்குத் தவறிவிட்டாள் என்று நான் நினைத்தேன். சித்தப்பா மூக்கில் பஞ்சோடு, சட்டையெல்லாம் ரத்தக்கறையோடு, குழம்பைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. என் தொடையை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். "எந்தங்கம்!" என்று அவர் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, எலும்போடு கடித்துத் தின்றார். அம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எதற்காக அப்படிப் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அன்று அந்த வீட்டில் அடிபட்டவர் சித்தப்பா ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.